சாவியைத் திரும்பக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பெண்களின் குடிப்பழக்கம் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். கூடவே ஒரு படம். தலைமுடி கலைந்த பெண் ஒருத்தி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு பாட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆண்களின் குடியைப் பற்றி எழுதும்போது யாரும் இப்படி முகத்தைப் புதைத்துக்கொள்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அங்கே கல்லீரல் படம்தான் போடுவீர்கள்.

குறை சொல்ல வரவில்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் குறை சொல்லத்தான் வந்தேன். ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் 22 வருடமாக டெக்னீஷியன் நான். மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் அடிமையாக இருந்தவள். சிகிச்சைக்குப் போய் 7 வருடம் ஆகிறது. கடைசியாகக் குடித்து 6 வருடம். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ரத்தத்தை எண்ணாக மாற்றித் தருவது என் வேலை. அதனால் எதையும் எண்ணாகவே யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு அவசரமான விஷயம். 'மனவலிமை இருந்தால் இந்த நிமிடமே நிறுத்தலாம்' என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. தினமும் அதிகமாகக் குடிப்பவரோ, நீண்ட நாளாகத் தூக்க மாத்திரை எடுப்பவரோ அந்த வரியை நம்பி வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் தடுமாறலாம், உயிரே போகலாம். நிறுத்துவதற்கு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் பத்து நாள் வார்டில் படுத்துத்தான் நிறுத்தினேன். அதற்குப் பிறகு மதுவின் மேல் உள்ள ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இதையெல்லாம் எழுதாமல் மனவலிமையை மட்டும் எழுதினால், நிறுத்த முடியாதவள் தன்னை மனவலிமை இல்லாதவள் என்றுதான் முடிவு கட்டுவாள். தன்னைப் பற்றி ஏற்கெனவே அவள் வைத்திருக்கும் பட்டியலில் இன்னொரு வரி சேரும்.

எனக்கு எப்படி ஆரம்பித்தது என்று விரிவாகச் சொல்லப்போவதில்லை. எல்லோருக்கும் அதைக் கேட்கத்தான் ஆர்வம், ஆனால் அதில் யாருக்கும் பயன் இல்லை. ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தூக்கம் போனது. மாத்திரை வந்தது. மாத்திரை போதாமல் மது வந்தது. முதல் டம்ளரிலிருந்து காலையில் கை நடுங்கும் நாள்வரை மூன்றரை வருடம்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அந்த இடத்துக்கு வர இருபது வருடம் ஆனது. பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு. வயிற்றிலேயே மதுவை உடைக்கும் நொதியும் பெரும்பாலும் குறைவாகத்தான் வேலை செய்யும். அதனால் ஒரே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஏறுவது அதிகம். சிகிச்சைக்கு வரும் பெண்கள் பலர் அடிமையாகும் வேகமும் அதிகம். மருத்துவர்கள் இந்த வேகத்துக்கு 'டெலஸ்கோப்பிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தது உதவவில்லை.

ஒரு நைட் ட்யூட்டியில் என் ரத்தத்தை நானே எடுத்து, இல்லாத ஒரு ஆளின் பெயரில் மெஷினில் போட்டேன். சிவப்பணுக்களின் சராசரி அளவு, எம்சிவி என்போம், 104 வந்தது. நூறுக்குள் இருக்க வேண்டியது அது. கல்லீரல் நொதியான ஜிஜிடி 212. நாற்பதைத் தாண்டினாலே மருத்துவர் புருவத்தைத் தூக்குவார். இதே இரண்டு எண்ணையும் வேறொருவர் தாளில் பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். அன்று ரிசல்ட்டை அழித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த சாம்பிளை எடுத்தேன். அதற்கப்புறமும் எட்டு மாதம் குடித்தேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை? தன்மானம். தமிழில் அதற்கு எவ்வளவு உயரமான இடம்! நானும் என்னைத் தன்மானம் உள்ளவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால்தான் பிடிபட்டது, என் தன்மானம் முழுவதும் அடுத்தவர் கண்ணில் இருந்தது. பாட்டிலைத் துணிக்கடியில் மறைத்தது தன்மானம். இருமல் வராதபோதும் இருமல் மருந்து வாசனை வரவழைத்துக்கொண்டது தன்மானம். சுயமதிப்பு வேறு. யாரும் பார்க்காத அறையில் நான் என்னை எப்படி நடத்துகிறேன் என்பது அது. அதில் என் கையிருப்பு பூஜ்யம். அதனால்தான் மறைக்க அவ்வளவு பாடுபட்டேனோ என்னவோ.

வார்டில் முப்பத்தொரு ஆண்கள், நாங்கள் இரண்டு பெண்கள். தினமும் குழுவாக உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து, தான் செய்த தவறுகளை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். 'நான் எப்ப வேணும்னாலும் நிறுத்துவேன்' என்று மார்தட்டிக்கொண்டு வந்த ஆண்களுக்கு அது நல்லது செய்தது. என் கண்ணால் பார்த்தேன், தலை தானாக இறங்கியது. எனக்கோ இறக்குவதற்குத் தலை மிச்சமில்லை. நான் சொல்லி முடித்ததும் ஒருவர் எழுந்து, 'பிள்ளையை வச்சிக்கிட்டு எப்படிம்மா மனசு வந்துச்சு?' என்று கேட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

தலையை இறக்கும் இந்த முறை பெண்களுக்குப் பொருந்துமா? எனக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை இது. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் முதல் படியே, மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. அதை உருவாக்கியவர்கள் ஆண்கள், தங்கள் அகந்தையோடு போராடியவர்கள். ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற சமூகவியலாளரும் குடியோடு நீண்ட காலம் போராடியவர். பெண்ணுக்குத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளக் கற்றுத்தர வேண்டியதில்லை, அது அவளுக்கு ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது என்பது அவர் கட்சி. 1975-ல் 'விமன் ஃபார் சோப்ரைட்டி' என்று பெண்களுக்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கினார். தினமும் படித்துக்கொள்ளப் பதின்மூன்று வாசகங்கள். எல்லாமே 'என்னால் முடியும்' என்ற பக்கம் சாய்ந்தவை. அதற்காகப் பழைய வழி தப்பு என்று சொல்ல மாட்டேன். அதில் மீண்ட பெண்கள் ஏராளம். நானே இன்றும் வாரம் ஒருமுறை போகிறேன், பெண்கள் மட்டும் உட்காரும் கூட்டத்துக்கு.

சரி, என் கதைக்கு வருகிறேன். நிறுத்தி ஆறாவது வாரம் ஜிஜிடி 38-க்கு இறங்கிவிட்டது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழைய பெருத்த அணுக்கள் செத்து, புதியவை வர வேண்டும். நான்காவது மாதம் எம்சிவி 93. உடம்பு எவ்வளவு பெருந்தன்மையானது என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதேன். அதே வாரம் கவுன்சிலர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். மோரிஸ் ரோசன்பெர்க் என்ற சமூகவியலாளர் 1965-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. பத்தே வாக்கியம், மொத்த மதிப்பெண் 30. பதினைந்துக்குக் கீழே போனால் சுயமதிப்பு குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 9. ரத்தம் முழுக்கப் புதுசு, ஆள் அதே பழைய ஆள்.

அந்த 9-ஐ ஏற்ற என்ன செய்தார்கள்? தினமும் கண்ணாடி முன் நின்று 'நான் அன்புக்குரியவள், நான் மதிப்புள்ளவள்' என்று இருபது முறை சொல்லச் சொன்னார்கள். செய்தேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் இருந்தவள் 'யாருகிட்ட கதை விடுற?' என்றாள். ஒரு வாரத்தில் பல் துலக்கும்போதுகூடக் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பல வருடம் கழித்துத்தான் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். சுயமதிப்பு குறைந்தவர்களை 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால், சொல்லாதவர்களைவிட அவர்களுக்கு மனம் இன்னும் சோர்ந்துபோகிறதாம். அப்பாடா என்றிருந்தது. அதிலும் நான்தான் தோற்றேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி கைவிட்டதும் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அது இன்னும் மோசம். வீட்டு வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். விடியுமுன் எழுந்து, ஆபீஸ் போய், வந்து, நள்ளிரவுவரை துடைத்ததையே துடைத்தேன். யார் என்ன கேட்டாலும் சரி. மாமியாருக்கு மருந்து, நாத்தனாருக்கு வங்கி வேலை, மகளின் புத்தகங்களுக்கு அட்டை. வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி. 'எவ்வளவு மாறிட்டா பாரு' என்றார்கள். கவுன்சிலர் மட்டும் என் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தைப் பார்த்து, 'இது யாருக்குக் கட்டுற கடன்? மொத்தம் எத்தனை தவணை?' என்று கேட்டார். பதில் இல்லை. மீண்டு வரும் பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். தண்டனையைத் தானே எழுதி, தானே அனுபவித்து, அதற்குத் திருந்துதல் என்று பெயர் வைத்துக்கொள்வது. சுற்றி இருப்பவர்களும் தடுப்பதில்லை. ஏன் தடுப்பார்கள்?

வேலைக்குத் திரும்பியதும் என்னைக் குழாய்களில் லேபிள் ஒட்ட உட்கார வைத்தார்கள். எல்லோரும் அன்பாக இருந்தார்கள். அந்த அன்பில் ஒரு பயம் இருந்தது, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவது போல. மூன்று மாதம் கழித்து எங்கள் துறைத் தலைவி கூப்பிட்டார். கடுகடுப்பான மனுஷி, என்னிடம் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொன்னதில்லை. மேஜைமேல் ரசாயன ஸ்டோரின் சாவியை வைத்தார். 'காலை ஏழு மணிக்கு கண்ட்ரோல் போட்டாகணும். இனிமே அது உன் பொறுப்பு. வர முடியாதுன்னா முந்தின நாளே சொல்லிடு. வேற எதுவும் கேக்க மாட்டேன்' என்றார்.

சாவியை எடுக்க முடியவில்லை. அந்த நைட் ட்யூட்டி விஷயத்தைச் சொன்னேன், பொய்ப் பெயர், 104, 212, அழித்தது எல்லாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'ரிசல்ட் சரியா வந்திருந்துச்சா?' என்றார். 'வந்துச்சு மேடம்.' 'அப்ப மெஷின் நல்லாத்தான் இருந்திருக்கு.' மறுநாள் ஒரு மெமோவும் கொடுத்தார், எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. சிரிப்பீர்கள், அந்த மெமோ எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. நோயாளிக்கு யாரும் மெமோ கொடுக்க மாட்டார்கள். ஒரு தவறு செய்த ஊழியர் என்று அதில் இருந்தது. தவறுக்கு அளவு இருந்தது, தேதி இருந்தது. அதுவரை நான் சுமந்தது எதற்கும் அளவும் இல்லை, தேதியும் இல்லை. 'தப்பு செய்தேன்' என்பதற்கும் 'நானே தப்பு' என்பதற்கும் உள்ள தூரத்தை உளவியலில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதை ஒரு மெமோ புரிய வைத்தது.

கண்ட்ரோல் என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மதிப்பு முன்பே தெரிந்த ஒரு சாம்பிளை தினமும் காலையில் மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். மெஷின் சரியாகச் சொன்னால்தான் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவோம். வந்த எண்ணை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். 1950-லிருந்து இருக்கும் முறை, லீவி-ஜென்னிங்ஸ் வரைபடம் என்று பெயர். நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். புள்ளிகள் நடுக்கோட்டைச் சுற்றி ஆடிக்கொண்டே போகும். ஒருநாளும் நேர்கோடாக வராது. வந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

தினமும் ஏழு மணிக்கு ஒரு புள்ளி. பாராட்டு கிடையாது, கைதட்டல் கிடையாது. முப்பது புள்ளி ஆனபோது தாளைத் தூரமாக வைத்துப் பார்த்தேன். இத்தனை நாள் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறாள் ஒருத்தி. கண்ணாடியில் இருந்தவளால் இதை மறுக்க முடியவில்லை. செய்து முடித்த காரியம்தான் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு மிகப் பலமான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதியிருக்கிறார். வீட்டில் நான் கட்டிய கடனும் காரியம்தானே என்று கேட்கலாம். இல்லை. சாவிக்கு நேரம் இருந்தது, எல்லை இருந்தது, சம்பளம் இருந்தது, மூன்று மணிக்கு அது முடிந்தது. கடனுக்கு இது எதுவும் கிடையாது.

இப்போது அந்த ஒரு வருட வித்தியாசம். பதினோராவது மாதத்தில் ஒருநாள் மாலை குடித்தேன். வீட்டில் ஒரு சண்டை, அதன் விவரம் வேண்டாம். முதல் டம்ளர் சண்டைக்காக. அடுத்த மூன்றும் 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்பதற்காக. இந்த இரண்டாவது குடிக்கு ஆய்வாளர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஆலன் மார்லட் இதைப் பற்றி எண்பதுகளில் எழுதியிருக்கிறார். சறுக்கியவர் 'நான் இவ்வளவுதான்' என்று முடிவு கட்டும் அந்த நிமிடம்தான் ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குகிறது. நீங்கள் போட்ட படத்தில் இருக்கும் பெண் அந்த நிமிடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் 'பாவம்' என்றாலும் ஆகாது, 'சீ' என்றாலும் ஆகாது.

என் குழுவில் இருந்த ஒரு அக்காவுக்கு போன் செய்தேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. 'எத்தனை மணிக்கு? மத்தியானம் சாப்பிட்டியா? நேத்து எவ்வளவு நேரம் தூங்கின? பாட்டில் எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சு?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதி பதில் சொல்லும்போதே அடையாளம் தெரிந்தது. கண்ட்ரோல் எல்லைக்கு வெளியே போனால் நான் கேட்கும் கேள்விகள் இவை. ரசாயனம் எப்போது திறந்தது, ஃப்ரிட்ஜ் வெப்பம் எவ்வளவு, யார் கலக்கியது. ஒரு புள்ளி வெளியே போனால் மெஷினை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அன்றைய வேலையை நிறுத்துவோம், காரணம் தேடுவோம், குறித்து வைப்போம், மறுபடி ஓட்டுவோம். அந்தப் புள்ளியை அழிக்கவும் மாட்டோம், அது தாளிலேயே இருக்கும். மறுநாள் நான் ஏழு மணிக்குப் போகவில்லை. முந்தின இரவே மேடத்துக்குச் சொல்லியிருந்தேன். ஒப்பந்தம் அதுதானே.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அவளிடம் எல்லாவற்றையும் உடனே ஒப்படைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் வங்கி அட்டையை வாங்கி வைத்திருந்தார், அது நியாயம்தான். நியாயமாகப் படாதது, அது எப்போது திரும்பி வரும் என்று யாரும் சொல்லாதது. 'இத்தனை மாதம் பார்ப்போம், அப்புறம் இவ்வளவுக்கு மட்டும் உன் கையில்' என்று ஒரு தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதியை நோக்கி நடந்திருப்பேன். இன்னொன்று, அடித்தவனோடும் அவமானப்படுத்தியவனோடும் சமாதானமாகப் போவதைத் திருந்தியதற்கு அடையாளமாக்காதீர்கள். சில பெண்கள் குடிக்கத் தொடங்கிய இடமே அதுதான்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. வேலை முடிந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்து நிற்பாள். 'ஊதும்மா.' ஊதுவேன். தலையாட்டிவிட்டு உள்ளே போவாள். சறுக்கலுக்குப் பிறகு ஏழு மாதம் ஒருநாள் விடாமல் இது நடந்தது. வேண்டாம் என்று கணவர் தடுத்தார், நான்தான் தடுக்காதீர்கள் என்றேன். அவளுக்கும் ஒரு கண்ட்ரோல் வேண்டியிருந்தது. ஒருநாள் மாலை அவள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, 'இந்த சம் மட்டும் சொல்லிக் குடும்மா, நாளைக்கு டெஸ்ட்' என்றாள். பாதி கணக்கில்தான் எனக்கு ஞாபகம் வந்தது, இன்று ஊதவில்லை என்று. நான் ஞாபகப்படுத்தவில்லை. பேனா பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம் எந்தப் பரிசோதனையிலும் வராது.

அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது அந்தப் படத்தைப் போடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. படம் கட்டாயம் வேண்டும் என்றால், வேலை செய்யும் இரண்டு கைகளைப் போடுங்கள். கல்லீரலும் பரவாயில்லை. கடிதம் நீண்டுவிட்டது, வெட்ட வேண்டியிருந்தால் கிர்க்பாட்ரிக்கை வெட்டுங்கள், மெமோவை வெட்டாதீர்கள்.

பெயர் போடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எனக்கு இப்போது தயக்கம் இல்லை. மகளிடம் கேட்டேன், இருபது வயது அவளுக்கு. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். 'நல்லா இருக்கும்மா. உன் பேரைப் போட்டா என் பேரும் தெரிஞ்சிடுமே' என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூட டெக்னீஷியன் ஒருவர்